அவருக்கு ஷேர்ட் வாங்கப் போகிறீர்களா?



நம் வீடுகளில் ஆண்களின் ஷேர்ட்டைத் தெரிவு செய்வது பெரும்பாலும் நாம்தான். பெருநாள் நெருங்கும்போது புடவைக் கடைக்குப் போகிறோம். பிள்ளைகளின் உடுப்பு முடிந்து, உம்மாவுக்கும் மாமிக்கும் எடுத்து முடிந்து, நமக்கும் ஒன்றைப் பார்த்து முடிந்த பிறகுதான் "பிள்ளைகளின் வாப்பாவுக்கும் ஒன்று எடுப்போமே" என்ற நினைவு வருகிறது. நிறத்தைப் பார்க்கிறோம், துணியைத் தடவிப் பார்க்கிறோம், "பதினைந்து இருக்கா?" என்று கேட்கிறோம். ஐந்து நிமிடத்தில் அலுவல் முடிந்துவிடுகிறது.

பெருநாள் கழிந்து அவர் அதைக் கந்தோருக்கு உடுத்திக்கொண்டு போகிறார். ஒரு தடவை, இரண்டு தடவை. பிறகு அந்த ஷேர்ட் அலுமாரியிலேயே தொங்குகிறது. கேட்டால், "நல்ல ஷேர்ட்தானே, பிறகு உடுப்போம்" என்பார். கழுத்து இறுக்குகிறது என்றோ, கையைத் தூக்கினால் இடுப்பிலிருந்து கழன்று வருகிறது என்றோ சொல்லமாட்டார். மனைவி ஆசையோடு வாங்கியதைக் குறை சொல்ல அவருக்கு மனம் வராது. நல்ல குணம்தான். ஆனால் அந்த நல்ல குணத்தால் ஒரு ஷேர்ட்டின் விலை வீணாகிறதே! 2022ஆம் ஆண்டின் விலையேற்றத்துக்குப் பிறகு அது சிறிய தொகையும் அல்ல.

சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய மகனுக்கு முதல் உத்தியோகம் கிடைத்திருக்கிறது. "இப்போதைக்கு இரண்டு ஷேர்ட் வாங்கத்தான் வசதி. அது இரண்டும் அவனுக்குச் சரியாக இருக்கவேண்டும். எதைப் பார்த்து வாங்குவது?" என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. பத்து ஷேர்ட் வைத்திருப்பவருக்கு ஒன்று பிழைத்தால் பரவாயில்லை. இரண்டே இரண்டு வைத்திருப்பவருக்கு ஒன்று பிழைத்தால் கிழமையில் பாதி நாள் பிழைத்துவிடும்.

முதலில் ஒன்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். ஷேர்ட்டில் பிறகு திருத்தக்கூடிய இடங்களும் உண்டு, திருத்தவே முடியாத இடங்களும் உண்டு. இடுப்புப் பக்கம் தொளதொளவென்று இருந்தால் பக்கத் தையலைப் பிடித்துத் தைக்கலாம். கை நீளமாக இருந்தால் தையற்காரர் கைப்பட்டியைக் கழற்றி அளவாக வெட்டித் தைத்துத் தருவார். கீழ் நீளம் கூடினால் மடித்துத் தைப்பது நமக்கே பெரிய வேலையல்ல. ஆனால் கழுத்து சிறிதாக இருந்தால் ஒன்றும் செய்யமுடியாது. தோள் அகலமாக இருந்தால், அதைச் சரிசெய்யக் கையையே கழற்றி மறுபடி தைக்கவேண்டும். அந்தக் கூலிக்குப் பழைய ஷேர்ட் இரண்டைத் திருத்திக்கொள்ளலாம். நீளம் குறைந்தாலும் அப்படித்தான். கடையில் விற்கும் ஷேர்ட்டின் பக்கத் தையல்களைப் புரட்டிப் பாருங்கள். இரண்டு ஓரங்களையும் ஒன்றுக்குள் ஒன்று மடக்கித் தட்டையாகத் தைத்திருப்பார்கள். பிரித்து அகலமாக்க உள்ளே மிச்சத் துணி இருக்காது. நம்முடைய சட்டைகளில் தையற்காரி விட்டுத் தரும் உள்மடிப்பு ஆண்களின் ஷேர்ட்டில் கிடையாது.

ஆகவே கழுத்தையும் தோளையும் முதலில் பாருங்கள். அவை பொருந்தாவிட்டால், நிறம் எவ்வளவு பிடித்திருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கழுத்தை அளப்பது சுலபம். தொண்டைக் குமிழுக்குச் சற்றுக் கீழே, கொலர் வந்து உட்காரும் இடத்தில், அளவு நாடாவைச் சுற்றுங்கள். நாடாவுக்கும் கழுத்துக்கும் இடையில் உங்கள் விரல் ஒன்றை வைத்துக்கொண்டு அளவைப் பாருங்கள். அதுவே அவருடைய கொலர் அளவு. சில ஷேர்ட்டுகளில் அங்குலத்துக்குப் பதிலாக சென்ரிமீற்றரில் போட்டிருப்பார்கள். 15 அங்குலம் என்பது ஏறத்தாழ 38 சென்ரிமீற்றர், 15½ என்பது 39, 16 என்பது 41 என்று நினைவில் வைத்தால் போதும்.

இங்கேதான் நம்மில் பலர் ஏமாறுகிறோம். கல்யாணத்தின்போது அவருடைய கழுத்தளவு பதினைந்து. நாம் இன்றைக்கும் கடையில் பதினைந்தே கேட்கிறோம்! இடையில் பதினைந்து வருடம் போயிருக்கிறது, நம் கைச் சமையலும் சேர்ந்திருக்கிறது. இடுப்பு பெருத்தால் களிசான் உடனே சொல்லிவிடும். கழுத்து பெருத்தால் அவர் மேல் பொத்தானைத் திறந்துவிட்டுக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவார். டை கட்டவேண்டிய உத்தியோகமாக இருந்தால் திறந்த பொத்தானை டையால் மறைத்துக்கொள்வார். பார்ப்பவருக்கு அது அலட்சியமாகத் தெரியும். உண்மையில் அது அரை அங்குலக் குறைவு.

இது நம் ஊர் ஆண்களின் வழக்கம் மட்டுமல்ல. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் 1987ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அவர்கள் அளந்து பார்த்த கந்தோர் உத்தியோகத்தர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் தம் கழுத்தைவிடச் சிறிய கொலரையே அணிந்திருந்தார்களாம். இறுக்கம் பார்வைத் திறனையும் சற்று மந்தப்படுத்துகிறது என்று அவர்கள் கண்டார்கள். டையை இறுக்கிக் கட்டினால் கண்ணின் உள்ளழுத்தம் உயர்வதைக் காட்டிய வேறோர் ஆய்வு 2003இல் பிரித்தானியக் கண் மருத்துவச் சஞ்சிகையில் வந்தது. ஆகவே உங்கள் வீட்டில் குளுக்கோமா என்ற கண்ணழுத்த நோய் உள்ளவர் இருந்தால் கொலர் விடயத்தில் இன்னும் கவனமாக இருங்கள்.

சரியான அளவை வாங்கிவிட்டோம் என்று அங்கேயே நின்றுவிடவும் கூடாது. பருத்தித் துணி கழுவியதும் சுருங்கும். நூற்றுக்கு மூன்று வீதம் சுருங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்கச் சிறிதாக இருக்கும். ஆனால் 15 அங்குலக் கொலரில் அது கிட்டத்தட்ட அரை அங்குலம்! கடையில் அளவாக இருந்தது மூன்றாம் கழுவலில் இறுக்குவதன் இரகசியம் இதுதான். முன்கூட்டியே சுருக்கிய துணியென்று சீட்டில் எழுதியிருந்தால் பயமில்லை. எதுவும் எழுதாத தனிப் பருத்தியென்றால் கழுத்தில் ஒரு விரலுக்குப் பதிலாக இரண்டு விரல் போகும்படி எடுங்கள். பொலியெஸ்டர் கலந்த துணி அவ்வளவாகச் சுருங்காது.

அடுத்தது தோள். கையும் தோளும் இணையும் தையல், தோள் எலும்பு முடிந்து கை இறங்கத் தொடங்கும் அந்த விளிம்பில் நிற்கவேண்டும். அதைத் தாண்டிக் கையில் விழுந்தால் ஷேர்ட் பெரிது. கழுத்துப் பக்கமாக ஏறி நின்றால் சிறிது. முதல் உத்தியோகத்துக்குப் போகும் பிள்ளைகளுக்கு உம்மாமார் செய்யும் பிழை பெரும்பாலும் இதில்தான். "உடம்பு வைக்கும் வயசு, கொஞ்சம் பெரிதாகவே இருக்கட்டும்" என்று எடுப்பார்கள். பள்ளிக்கூடச் சீருடைக்கு அந்தக் கணக்குச் சரி, ஒரு வருடத்தில் பிள்ளை அதற்குள் வளர்ந்துவிடுவான். இருபத்திரண்டு வயதில் உடம்பு வைத்தாலும் தோள் எலும்பு அகலப் போவதில்லை. தோள் தொங்கும் ஷேர்ட்டோடு அவன் கந்தோரில் நின்றால், வாப்பாவின் ஷேர்ட்டைப் போட்டு வந்த பிள்ளை போலத்தான் இருப்பான். அங்கே அவனைப் பெரிய மனிதனாக எண்ணிப் பேசவேண்டியவர்கள் இருக்கிறார்கள்.

பெரிய ஷேர்ட்டுக்கு இன்னொரு காரணமும் சொல்வார்கள். "கை வீசி வேலை செய்யவேண்டும், தாராளமாக இருக்கட்டும்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நடப்பது நேர்மாறு. அளவு கூடும்போது அக்குள் குழியும் கீழே இறங்குகிறது. அக்குள் குழி இறங்கிய ஷேர்ட்டில் கையைத் தூக்கினால் கை மட்டும் மேலே போகாது, ஷேர்ட் முழுவதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அக்குளுக்கு அருகிலேயே குழி நிற்கும் ஷேர்ட் பார்வைக்கு ஒடுக்கமாக இருந்தாலும் கையை விட்டுக்கொடுக்கும். கடையில் போட்டுப் பார்க்கும்போது, பஸ்ஸின் மேற்கம்பியைப் பிடிப்பதுபோல் கையை உயர்த்தச் சொல்லுங்கள். கீழ் விளிம்பு களிசானுக்கு வெளியே வந்துவிட்டால் அந்த ஷேர்ட் காலையில் கந்தோர் போய்ச் சேருவதற்கு முன்பே குலைந்துவிடும். முதுகில், தோள்பட்டிக்குக் கீழே ஒரு மடிப்போ இரண்டு மடிப்போ வைத்துத் தைத்திருந்தால் கையை முன்னால் நீட்ட இடம் கிடைக்கும். மேசையில் குனிந்து எழுதுபவருக்கும், கணினியின் முன்னால் இருப்பவருக்கும் அது உதவும்.

கையுயர்த்திப் பார்த்த பிறகு ருகூவுக்குக் குனிவதுபோல் ஒரு தடவை குனிந்தும் பார்க்கச் சொல்லுங்கள். லுஹரையும் அஸரையும் அவர் கந்தோரில்தான் தொழுகிறார், வெள்ளிக்கிழமை அந்த உடுப்போடுதான் ஜும்ஆவுக்குப் போகிறார். நீளம் குறைந்த ஷேர்ட் சுஜூதில் பின்னால் மேலேறி இடுப்பைக் காட்டிவிடும். அவருக்குத் தெரியாது, பின்வரிசையில் நிற்பவருக்குத் தெரியும். களிசானுக்கு வெளியே விட்டு உடுப்பதற்காக நேர் விளிம்போடு கட்டையாகத் தைத்த ஷேர்ட்டுகள் கடைகளில் நிறைய இருக்கின்றன. கந்தோருக்கு அவை வேண்டாம். பின்பக்கம் இருப்பிடத்தை முழுவதும் மூடும் நீளமும், பக்கங்களில் வளைந்து ஏறும் விளிம்பும் உள்ளதே உள்ளே விட்டு உடுக்கச் சரியானது.

வுழூவையும் யோசியுங்கள். முழுக்கை ஷேர்ட்டென்றால் முழங்கைக்கு மேலே சுருட்ட முடியவேண்டும். கைப்பட்டிக்கு மேலேயுள்ள பிளவில் சிறிய பொத்தான் ஒன்று இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதையும் திறந்தால்தான் கை நன்றாகச் சுருளும். ஒடுக்கமாகத் தைத்த கைகளில் பாதிக்கு மேல் சுருட்ட முடியாமல் தண்ணீர் பட்டு, பிற்பகல் முழுவதும் ஈரமும் சுருக்கமுமாகத் திரியவேண்டியிருக்கும். இதை எந்த விற்பனையாளரும் உங்களுக்குச் சொல்லமாட்டார். அரைக்கை ஷேர்ட்டில் இந்தச் சிரமமில்லை. நம் நாட்டு வெப்பத்துக்கு அதுவே சுகம், டை கட்டாத கந்தோர்களில் அதுவே போதும் என்பது என் எண்ணம். ஆனால் அரைக்கை முழங்கையைத் தொடும் அளவுக்கு இறங்கக்கூடாது; தோளுக்கும் முழங்கைக்கும் பாதிக்குச் சற்றுக் கீழே நிற்பது அழகு.

முழுக்கையின் நீளத்தில் ஒரு குழப்பம் இருக்கிறது. நம் தையற்காரர்கள் தோள் தையலிலிருந்து கைப்பட்டி வரை அளப்பார்கள். 24 அங்குலம் என்பார்கள். ஏற்றுமதிக்காகத் தைத்த ஷேர்ட்டிலோ 32/33, 34/35 என்று எழுதியிருக்கும். பயப்படவேண்டாம், அது பின்கழுத்தின் நடுவிலிருந்து தோள் வழியாக மணிக்கட்டு வரை எடுத்த அளவு. முதுகின் குறுக்கே இரு தோள் தையல்களுக்கும் இடையில் 18 அங்குலமென்றால் அதில் பாதி 9. அதோடு கை 24ஐக் கூட்டுங்கள், 33 வருகிறது. அவருக்கு 32/33 என்று போட்டதை எடுக்கலாம்.

1977க்குப் பிறகு நம் நாட்டில் ஆடைத் தொழிற்சாலைகள் பெருகியதால், வெளிநாட்டுக்குத் தைத்ததில் மிஞ்சியவை நம் கடைகளுக்கும் வருகின்றன. துணியும் தையலும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அவை அந்த நாட்டவரின் உடம்புக்கு வெட்டப்பட்டவை. அமெரிக்கருக்கு "மீடியம்" என்பது நம்மவருக்கு "லார்ஜ்" ஆக இருக்கலாம், கையும் விரல் நுனியைத் தொடலாம். சீட்டிலுள்ள எழுத்தை நம்பாமல் அளவு நாடாவை நம்புங்கள். கைப்பட்டி மணிக்கட்டு எலும்பை மூடி, பெருவிரலின் அடியோடு நிற்கவேண்டும். பொத்தானைப் பூட்டிய பிறகு உள்ளங்கைக்கு இறங்கி வழியக்கூடாது.

மார்பும் வயிறும் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, கண்ணாடியே சொல்லிவிடும். பொத்தானைச் சுற்றித் துணி பெருக்கல் அடையாளம் போல் இழுபட்டால் இறுக்கம். மார்பின் சுற்றளவைவிட ஷேர்ட்டின் சுற்றளவு நான்கைந்து அங்குலம் கூடுதலாக இருந்தால் மூச்சு விடலாம். "ஸ்லிம் ஃபிட்" என்று எழுதியவற்றில் அந்த இடைவெளி குறைவு. மெலிந்த இளைஞருக்கு நன்றாக இருக்கும். வயிறு வைத்தவருக்கு வாங்கினால் நிற்கும்போது சரியாக இருந்து, உட்கார்ந்ததும் பொத்தான்களுக்கு நடுவே உள்பெனியன் எட்டிப் பார்க்கும். கந்தோரில் அவர் நிற்பதைவிட உட்கார்ந்திருப்பதுதானே அதிகம்! கடையில் ஒரு கதிரையைக் கேட்டு உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, இதெல்லாம் அவர் கூட வந்தால்தானே? வரமாட்டாரே என்கிறீர்கள். வந்தாலும் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பாரே என்கிறீர்கள். அதற்கும் வழி இருக்கிறது. அவருடைய ஷேர்ட்டுகளில் எதை அவர் அடிக்கடி தேடி எடுத்து உடுக்கிறார் என்று கவனியுங்கள். பழையதாக, வெளிறியதாகக்கூட இருக்கலாம். அதுதான் அவருக்குப் பொருந்திய ஷேர்ட். அதைக் கழுவி அயன் பண்ணி மேசையில் விரித்து ஐந்து அளவுகளை எடுங்கள். கொலரைத் தட்டையாக விரித்துப் பொத்தானின் நடுவிலிருந்து மறுமுனையிலுள்ள பொத்தான் துளையின் வெளி விளிம்பு வரை ஒன்று. முதுகின் குறுக்கே ஒரு தோள் தையலிலிருந்து மற்றத் தோள் தையல் வரை ஒன்று. அக்குளிலிருந்து அக்குள் வரை அளந்து இரண்டால் பெருக்கி ஒன்று. தோள் தையலிலிருந்து கைப்பட்டியின் நுனி வரை ஒன்று. பின்கொலரின் அடியிலிருந்து கீழ் விளிம்பு வரை ஒன்று. இதை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கைப்பையில் போட்டுவையுங்கள், அளவு நாடாவும் கூட இருக்கட்டும். கெய்சர் வீதியின் சனநெரிசலில் நின்றாலும் சரி, உங்கள் ஊர்க் கடையில் நின்றாலும் சரி, கடைக்காரரின் "போட்டால் சரியாகிவிடும், தாத்தா" என்ற பேச்சுக்கு இடமிருக்காது. வருடத்துக்கு ஒரு தடவை கழுத்தளவை மட்டும் புதிதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

துணி வாங்கித் தைப்பிப்பவர்களும் அந்தப் பழைய ஷேர்ட்டையே மாதிரியாகக் கொடுக்கலாம். தையற்காரருக்கு அதைவிடத் தெளிவான பாஷை இல்லை. பருத்தித் துணியென்றால் கொடுப்பதற்கு முன் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, பிழியாமல் நிழலில் காயவிட்டுக் கொடுங்கள். சுருங்குவதெல்லாம் வெட்டுவதற்கு முன்பே சுருங்கிவிடும். முழங்கைக்கு மேலே சுருளவேண்டும் என்பதையும், பின்நீளத்தையும் சொல்லித் தைப்பிக்க முடிவது இதிலுள்ள பெரிய வசதி. ஒருவருடைய ஒரு தோள் மற்றதைவிடத் தாழ்ந்திருந்தால் அதற்கேற்ப வெட்டவும் தையற்காரரால்தான் முடியும்.

நிறத்தைக் கடைசிக்கு விட்டதற்குக் காரணம், அதில் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரிகள். இரண்டே ஷேர்ட் வாங்கும் அந்த உம்மாவுக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். ஒன்று வெள்ளையாகவும் மற்றது வெளிர் நீலமாகவும் இருக்கட்டும். எந்தக் களிசானோடும் அவை போகும். பளிச்சென்ற கோடு போட்டதை வாங்கினால் கிழமையில் மூன்று நாள் அதே ஷேர்ட் வருவதை எல்லோரும் கவனிப்பார்கள். வெளிர் நீலத்தை யாரும் எண்ணமாட்டார்கள். வெள்ளைத் துணியைக் கடையிலேயே உங்கள் கையின் மேல் விரித்துப் பாருங்கள். விரல்கள் தனித்தனியாகத் தெரிந்தால் உள்பெனியனும் தெரியும். வியர்க்கும் உடம்பென்றால் தனிப் பொலியெஸ்டரை விட்டுவிடுங்கள், மலிவாகவும் அயன் பண்ணச் சுலபமாகவும் இருந்தாலும் அது வியர்வையை உறிஞ்சாது.

நன்கு பொருந்தும் ஷேர்ட்டை ஆண்கள் விடாமல் உடுப்பார்கள். அதனால் அதில் முதலில் தேய்வது கொலரின் மடிப்பு விளிம்பு, மற்ற இடமெல்லாம் புதிதாகவே இருக்கும். நம் உம்மாமார் அதை வீசவில்லை. கொலரை அதன் அடிப்பட்டியிலிருந்து மட்டும் கவனமாகப் பிரித்து, தேய்ந்த பக்கம் உள்ளே போகும்படி புரட்டி, திரும்ப அதே இடத்தில் தைத்தார்கள். பிரிப்பதற்கு முன் கொலரின் நடுவிலும் அடிப்பட்டியின் நடுவிலும் ஊசியால் ஓர் அடையாள நூல் ஓட்டிக்கொண்டால் கோணாமல் வரும். முனைகளில் பொத்தான் வைத்த கொலருக்கு இது சரிவராது. மற்றவற்றுக்கு ஒரு பகல் வேலைதான், ஷேர்ட் இன்னும் ஒரு வருடம் கந்தோருக்குப் போகும்.